ஓடும் தரவில் ஸ்கைலைன்: வடிகட்டிக்கும் ஆயுள் உண்டு

நெட்வொர்க்கில் இணைந்த 12 கணினிகளிலிருந்தும், அதாவது நோடுகளிலிருந்தும், தரவு கொட்டிக்கொண்டிருக்கிறது. என் திரையிலோ பதில் பட்டியல் காலி. நாலைந்து நொடி கழித்துத் தானாக நிரம்பியது, மறுபடி காலியானது. லாகில் ஒரு பிழை கிடையாது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் புரிந்ததை வைத்து, இந்த வேலையை முதலிலிருந்து எப்படிக் கட்டலாம் என்று எழுதுகிறேன்.

என்னிடம் வந்த வேலை இது: ஒவ்வொரு நோடிலும் சலுகைகள் வந்து விழும். ஒரு சலுகைக்கு இரண்டு எண்கள், தாமதமும் கட்டணமும். இரண்டுமே குறைவாக இருந்தால் நல்லது. வந்த நொடியிலிருந்து 60 நொடி வரை செல்லும். 'எது சிறந்தது' என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் ஒருவருக்கு வேகம் முக்கியம், இன்னொருவருக்குக் கட்டணம். ஆகவே வேறெந்தச் சலுகையாலும் விஞ்சப்படாதவற்றை மட்டும் எடுக்கிறோம். ஒன்று மற்றொன்றை விஞ்ச வேண்டுமானால் எந்த எண்ணிலும் மோசமாக இருக்கக் கூடாது, ஓர் எண்ணிலாவது மேலாக இருக்க வேண்டும். எஞ்சி நிற்பதுதான் ஸ்கைலைன். 1975லேயே குங், லுச்சியோ, ப்ரெபராட்டா மூவரும் இதே கணக்கை வெக்டர்களின் மீப்பெருமம் என்ற பெயரில் அலசிவிட்டார்கள். டேட்டாபேஸ் உலகத்துக்கு ஸ்கைலைன் என்ற பெயரோடு 2001ல் வந்து சேர்ந்தது.

எல்லாத் தரவையும் மையத்துக்கு, அதாவது பதிலைத் தொகுக்கும் கணினிக்கு, அனுப்பி அங்கே கணக்கிடலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம், நெட்வொர்க் தாங்கும் வரை. தாங்காதபோது கைகொடுப்பது விஞ்சுதலின் ஒரு குணம்: அ ஆ-வை விஞ்சி, ஆ இ-யை விஞ்சினால், அ இ-யை விஞ்சியே தீரும். ஆகவே தன் நோடிலேயே தோற்ற சலுகை உலக அளவில் ஜெயிக்க வழியில்லை. ஒவ்வொரு நோடும் தன் உள்ளூர் ஸ்கைலைனை மட்டும் அனுப்பினால் போதும். மையம் அவற்றைச் சேர்த்து ஒருமுறை சலித்துக்கொள்ளும்.

தரவு நின்ற இடத்தில் நின்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். நம் தரவோ 60 நொடியில் காலாவதியாகிறது. இன்று விஞ்சி நிற்பது நாளை இருக்காது, அதன் நிழலில் கிடந்தது தலைதூக்கும். அப்படியானால் எதையுமே தூக்கி எறிய முடியாதா? முடியும். ஒரு சலுகையை அதைவிடப் புதியது ஒன்று விஞ்சினால், பழையது இனி ஒருநாளும் பதிலில் வராது, ஏனென்றால் விஞ்சியது அதற்கு முன்னால் சாகப்போவதில்லை. தயங்காமல் அழிக்கலாம். தன்னைவிடப் பழையதால் மட்டும் விஞ்சப்பட்டிருந்தால் காத்திருப்பில் வைக்க வேண்டும். எது வரை? விஞ்சியவற்றில் கடைசியாகச் சாகப்போவது எதுவோ, அது சாகும் வரை. அந்த நேரத்தை 'விழிப்பு நேரம்' என்று ஒரு புலமாகவே சேமித்துவிடுங்கள்.

எண்ணில் பார்க்கலாம். அடைப்புக்குள் முதலில் தாமதம், பிறகு கட்டணம். முதல் நோடில் 10ஆம் நொடியில் அ1 (40, 70), 20ல் அ2 (55, 30), 25ல் அ3 (60, 75). அ3-ஐ மற்ற இரண்டும் விஞ்சுகின்றன, இரண்டும் பழையவை. அ2 80ஆம் நொடியில்தான் சாகும். எனவே அ3-ன் விழிப்பு நேரம் 80. அதன் சொந்த ஆயுள் 85 வரை, ஆக ஐந்து நொடி வாழ்வு காத்திருக்கிறது. 30ஆம் நொடியில் அ4 (50, 65) வருகிறது. அது அ3-ஐ விஞ்சும், அதைவிடப் புதியதும்கூட. அ3 போயிற்று, அந்த ஐந்து நொடியும் இனிமேல் கிடையாது.

இப்படி வைத்திருக்கும் பட்டியல் எவ்வளவு பெருகும் என்ற பயம் எனக்கு இருந்தது. உண்மையில் இது நேரத்தையும் ஒரு பரிமாணமாக, அதாவது ஒப்பிடும் இன்னோர் எண்ணாக, சேர்த்த ஸ்கைலைன்தான். மதிப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறியிருந்தால், 10 லட்சம் பதிவுகளில் இரண்டு பரிமாண ஸ்கைலைன் சராசரியாக 14, மூன்றில் சுமார் 100, நான்கில் சுமார் 500. ஆகவே என் இரண்டு எண்களுக்குக் காத்திருப்போரையும் சேர்த்து நூறு வரிசை வைத்தால் போதும். பல பரிமாணத் தரவில் வேகமாகத் தேட உதவும் ஆர்-ட்ரீ என்ற மர அமைப்பை முதல் நாளே கட்ட உட்காராதீர்கள். நூறு வரிசைக்குச் சாதாரண அர்ரேயும் ஒரு லூப்பும் போதும். நான் கட்டினேன், பிறகு பிடுங்கிப் போட்டேன்.

புதுச் சலுகை நுழையும்போது இதே வரிசையில் செய்யுங்கள். அதைவிடப் புதியது எதாவது அதை விஞ்சுகிறதா? ஆம் என்றால் அப்போதே வீசுங்கள். இல்லையென்றால், அது விஞ்சும் பழையவற்றை அழியுங்கள். அதை விஞ்சும் பழையவற்றில் கடைசியாகச் சாவதைப் பார்த்து விழிப்பு நேரம் குறியுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அது உடனே ஸ்கைலைனில். கடைசியாக, அது விஞ்சும் புதியவை இருந்தால் அவற்றின் விழிப்பு நேரத்தையும் தேவைக்கேற்ப நீட்டுங்கள். இந்தக் கடைசிப் படி எதற்கு, தரவுதான் வரிசையாக வருமே என்று தோன்றும். நோடில் அநேகமாக வரும். மையத்தில் வராது. காத்திருப்பில் கிடந்தது விழித்த பிறகுதான் அனுப்பப்படுகிறது, அதனால் 25ஆம் நொடிச் சலுகை மையத்தை 80ல் எட்டலாம். வந்து சேர்ந்த நேரத்தை நம்பாமல், சலுகையில் பதிந்த நேரத்தை வைத்தே ஒப்பிடுங்கள். நோடுகளின் கடிகாரங்களை, நெட்வொர்க் வழியாக நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியில் கட்டிவையுங்கள்.

மையத்திலும் இதே கோட்தான் ஓட வேண்டும், காத்திருப்போர் பட்டியல் உட்பட. அப்படி ஓடினால் ஒரு லாபம்: அழிப்புச் செய்தி என்ற ஒன்றே தேவைப்படாது. காலாவதியை மையம் தானே கணக்கிடும், விஞ்சப்படுவதைத் தானே கவனிக்கும். 'அனுப்பியாயிற்று' என்று ஒரு கொடி வைத்துவிட்டால், ஒரு சலுகை தன் ஆயுளில் ஒரு தடவைக்கு மேல் நெட்வொர்க்கில் ஏறாது.

இனி வடிகட்டி. என் காலித் திரை பிறந்தது இங்கேதான். உள்ளூரில் ஜெயித்தவற்றிலும் பெரும்பாலானவை மையத்தில் தோற்றுவிடும். வீணாக ஏன் அனுப்ப வேண்டும்? மையம் தன்னிடமுள்ள வலுவான சலுகை ஒன்றை எல்லா நோடுகளுக்கும் அனுப்பி, 'இதனிடம் தோற்பதை அனுப்பாதே' என்று சொல்லலாம். நானும் சொன்னேன். இரண்டாம் நோடில் 12ஆம் நொடியில் வந்த ஆ1 (45, 25) நல்ல வடிகட்டி, அ2, அ4 இரண்டையும் விஞ்சும். முதல் நோடு அவற்றை அனுப்பாமல் அழித்தது. 70ஆம் நொடியில் அ1 செத்தது, 72ல் ஆ1 செத்தது. அப்போது பதிலில் அ2, அ4 இருந்திருக்க வேண்டும், அவற்றுக்கு 80, 90 வரை ஆயுள் உண்டு. அவற்றை நான்தான் கொன்றுவிட்டேனே.

திருத்தம் பத்தே வரி. வடிகட்டிக்குத் தனிக் கோட் எழுதுவதை விட்டேன். அதன் எண்களோடு நேரத்தையும் சேர்த்து அனுப்பி, நோடின் பட்டியலிலேயே ஒரு விருந்தாளிச் சலுகையாக நுழைத்தேன். தன்னைவிடப் பழையதை அது அழிக்கும், புதியதைக் காத்திருப்பில் தள்ளும், 72ல் சாகும்போது அ2, அ4 விழித்துத் தாமாக மையத்துக்குப் போகும். எல்லாம் ஏற்கெனவே எழுதிய அதே நுழைவுக் கோட். விருந்தாளியை மையத்துக்குத் திருப்பி அனுப்பாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டிச் செய்தி வழியில் தொலைந்தாலும் பதில் தப்பாகாது, நெட்வொர்க்தான் சற்று நிறையும். நோடிலிருந்து வரும் சலுகை தொலைந்தால் பதிலே தப்பு. எனவே அந்தத் திசைக்கு வரிசை எண் வைத்து, இடைவெளி தெரிந்தால் முழுப் பட்டியலையும் மறுபடி கேளுங்கள்.

எதை வடிகட்டியாக்குவது? ஒவ்வொரு எண்ணிலும் உச்ச அளவிலிருந்து அது எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்துப் பெருக்கினால், அது விஞ்சும் பரப்பு கிடைக்கும். அத்துடன் மிச்ச ஆயுளையும் பெருக்குங்கள். மூன்று நொடியில் சாகப்போகும் மாவீரனால் பயனில்லை. அடிக்கடி மாற்றவும் வேண்டாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு 12 செய்தி செலவு. கையிலிருப்பது சாகும் தறுவாயிலோ, புதியது கணிசமாக மேலாக இருந்தாலோ மட்டும் மாற்றுகிறேன்.

இரண்டு இடங்களில் இந்த முறை காலை வாரும். ஒன்று, சலுகையை 60 நொடிக்குள் யாராவது வாபஸ் வாங்க முடிந்தால், 'இனி ஒருநாளும் வராது' என்று நாம் அழித்தது திரும்பி வர வேண்டியிருக்கும். அப்போது அழிக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. இரண்டு, பரிமாணம் கூடி ஸ்கைலைன் ஊதும்போது சிலர் 'பத்தில் ஆறில் மேலாக இருந்தால் போதும்' என்று விதியைத் தளர்த்துவார்கள். அந்தத் தளர்ந்த விஞ்சுதலில் அ ஆ-வையும், ஆ இ-யையும், இ அ-வையும் விஞ்சலாம். உள்ளூரில் தோற்றதை அனுப்ப வேண்டாம் என்ற அடிப்படையே அதோடு சரியும். ஊதிப்போனால் நான் எண்களைக் கட்டம் கட்டமாக முழுமையாக்கிவிடுகிறேன், 41ம் 43ம் 40 என்று. ஒரே கட்டத்தில் விழுந்தவற்றில் புதியதை வைத்துக்கொண்டால் சங்கிலி அறுவதில்லை.

சோதனைக்கு, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் முரட்டு நிரல் ஒன்றை எழுதி, சீரற்ற தரவை இரண்டிலும் ஓட்டி, ஒவ்வொரு நொடியும் பதில்களை ஒப்பிடுங்கள். சோதனையில் சாளரத்தை, அதாவது சலுகையின் ஆயுளை, 60 நொடி வைக்காதீர்கள், 5 வையுங்கள். சாவுகள் நெருங்கி வந்தால்தான் இந்த வகைப் பக் வெளியே வரும். என் பழைய கோடை அப்படி ஓட்டியபோது ஏழாவது நொடியிலேயே அகப்பட்டது.