பனி இறுகுவதற்கு முன் சந்திப்பைப் பேசி வையுங்கள்

மதுரையிலிருந்து கனடாவின் வின்னிபெக், எட்மண்டன் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், அக்டோபருக்குள்ளேயே மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று சந்திப்பைப் பேசி வைத்துவிடுங்கள். இடம் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. பொது நூலகமே போதும், காசும் ஆகாது.

நம்மூரில் ராத்திரி பதினொரு மணிக்கு டீக்கடை வரை நடந்தால்கூடத் தெரிந்த முகம் ஒன்று தட்டுப்படும். அங்கே அது நடக்காது. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். வின்னிபெக்கில் ஜனவரி இரவுக்கு மைனஸ் 20 டிகிரி சாதாரணம். ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாம் மாட்டிக்கொள்வதே ஒரு வேலை. ஒவ்வொரு முறையும் "போகலாமா, வேண்டாமா" என்று யோசித்தால், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றுதான் வாய் சொல்லும். நாளும் நேரமும் முன்பே முடிவானது என்றால், அங்கே ஆள் காத்திருக்கிறதே என்று கால் தானாகக் கிளம்பிவிடும்.

கடுங்குளிர் எச்சரிக்கை வந்த நாளில் இது வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். வாராவாரம் ஷிப்ட் மாறுகிறவர்களுக்கும் ஒத்துவராது. அந்த மாதிரி நேரத்தில் வின்னிபெக்கிலிருந்து மாலை 7 மணிக்கு வீட்டுக்கு வீடியோ கால் போடலாம். குளிர்காலத்தில் அது மதுரையில் மறுநாள் காலை 6.30, அம்மா காபி போடும் நேரம்.