கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங் நிரப்பும்போது காசைக் கரைக்கிற தவறுகள்

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைங்களுக்காகக் குட்டிக் குட்டி கிஃப்ட் போட்டு மாட்டி வைக்கிற சாக்ஸ் மாதிரி பைதான் ஸ்டாக்கிங். ஸ்டாக்கிங்தானே, சின்னச் சின்ன சாமான்தானே, அதுல என்ன பெருசா செலவாகிடப் போகுதுன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. பெரிய கிஃப்டுக்கு ஒரு கணக்கு இருக்கும், விருந்துச் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு இருக்கும், ஸ்டாக்கிங்குக்கு மட்டும் கணக்கே இருக்காது. ஒரு பிள்ளைக்கு 12 சாமான்னு வச்சுக்கோங்க, மூணு பிள்ளைன்னா 36. ஒவ்வொண்ணும் மலிவுதான், ஆனா 36 மலிவு சாமானோட பில்லைக் கூட்டிப் பார்த்தா அந்தப் பெரிய கிஃப்டையே தாண்டி நிக்கும். அதனால ஒரு சாமானுக்கு இவ்வளவுன்னு வரம்பு வைக்காதீங்க, மொத்த ஸ்டாக்கிங்குக்கும் சேர்த்து இவ்வளவுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

இதுல முதல் தப்பு உள்ள போடுற சாமான வாங்கும்போது நடக்குறதே இல்ல, ஸ்டாக்கிங் வாங்கும்போதே நடந்துடுது. அழகா இருக்குன்னு முழங்கால் உயரத்துக்கு ஒரு வெல்வெட் ஸ்டாக்கிங் வாங்கி மாட்டிடுறோம், அப்புறம் அது பாதி காலியா தொங்குறதப் பார்க்க மனசு வராம அத நிரப்புறதுக்காகவே கண்டதையும் வாங்கிப் போடுறோம். உண்மையில செலவ முடிவு பண்றது பிள்ளையோட ஆசை இல்ல, அந்தத் துணிப்பையோட சைஸ்தான். பிள்ளை கால்ல போடுற கம்பளி சாக்ஸையே மாட்டுங்க, ஏழெட்டு சாமான்லயே புடைச்சு நிக்கும், காலையில பார்க்குற பிள்ளைக்கும் அந்தப் புடைப்புதான் சந்தோஷம். ஏற்கனவே பெருசு வாங்கியாச்சுன்னா பாதத்துப் பக்கம் கொஞ்சம் டிஷ்யூ பேப்பரக் கசக்கி அடைச்சிடுங்க, நுனியில ஒரு ஆரஞ்சு போடுங்க, ஒரு கலரிங் புக்கையோ காமிக்ஸையோ சுருட்டி நேரா நிக்கிற மாதிரி செருகுங்க. ஆரஞ்சு போடுறது ஒண்ணும் கஞ்சத்தனம் இல்ல, பழைய வழக்கமே அதுதான். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமா சொல்லுற நிக்கோலஸ், நாலாம் நூற்றாண்டுல இப்போ துருக்கியில இருக்கிற மைரா ஊர் பிஷப்பா இருந்தவரு, வரதட்சணைக்கு வழியில்லாத மூணு பொண்ணுங்க வீட்டுல ராத்திரியோட ராத்திரியா பொன்னைப் போட்டுட்டுப் போனாருன்னு ஒரு கதை உண்டு, அந்தப் பொன்னுக்குப் பதிலாத்தான் ஆரஞ்சுன்னு சொல்லுவாங்க.

அடுத்தது, என்ன வாங்கினோம்னு எழுதி வைக்காம இருக்குறது. அக்டோபர்ல ஒண்ணு, நவம்பர்ல ரெண்டுன்னு வாங்கி அலமாரி மேல, கட்டிலுக்கு அடியிலன்னு ஒளிச்சு வச்சிட்டு, டிசம்பர் 23ஆம் தேதி பதட்டத்துல போய் அதையே மறுபடி வாங்கிட்டு வர்றது ரொம்ப சகஜம். போன்ல ஒரு நோட் போதும், பிள்ளை பேரு, வாங்கின சாமான், விலை, எங்க ஒளிச்சிருக்குன்னு நாலே விஷயம். கடைசி நேரத்துல போனா பில் போடுற இடத்துல கூடை கூடையா வச்சிருக்கிற குட்டி சாமான்கள்லதான் கை போகும், அங்க வைக்கிறதே அதுக்குத்தான். ஆன்லைன்ல தனித்தனியா குட்டி ஐட்டம் ஆர்டர் பண்ணினா டெலிவரி சார்ஜ் சாமான் விலைய விட ஜாஸ்தியாகிடும், அதையும் கணக்குல சேருங்க.

மல்டி பேக்க அப்படியே முழுசா ஒரே பிள்ளைக்குக் கொடுக்குறதும் வீண்தான். நாலு குட்டி கார் இருக்கிற பேக், ஆறு டப்பா களிமண், ஸ்டிக்கர் ஷீட் கட்டு இதெல்லாம் பிரிச்சு எல்லா ஸ்டாக்கிங்லயும் போடலாம். ஆனா ஆஃபர்னு பார்த்ததும் பாயக்கூடாது, ஒரு பீஸுக்கு என்ன விலை வருதுன்னு வகுத்துப் பார்க்கணும், சில நேரம் தனியா வாங்குறதே மலிவா இருக்கும். ஒரே பிள்ளைதான்னா உங்க அக்காவோ பிரெண்டோ கூட சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கலாம்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற தப்பு ஒண்ணு இருக்கு, மத்தியானத்துக்குள்ள உடைஞ்சு குப்பைக்குப் போற பிளாஸ்டிக் சாமான். ஊதினா சத்தமே வராத விசில், ரெண்டு தடவை சுவத்துல எறிஞ்சதும் அழுக்கு ஒட்டிக்கிற ரப்பர் கை, ஒரு பக்கத்துக்கு மேல எழுதாத மினுமினு பேனா. மலிவுன்னு பேரு, ஆனா ஒரு வாரம் கழிச்சு அது எங்கன்னு கேட்டா வீட்டுல யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி அஞ்சுக்குப் பதிலா உழைக்கிற சாமான் ஒண்ணு வாங்கினா ஸ்டாக்கிங்கோட பெருமையே அதுதான். சீட்டுக்கட்டு, ஸ்கிப்பிங் கயிறு, பூதக்கண்ணாடி, சாக்பீஸ் டப்பா, நல்ல ஷார்ப்பனர், சின்ன டார்ச், இதெல்லாம் பெரிய விலை இல்ல, மாசக்கணக்கா ஓடும். டார்ச் கொடுத்தா பிள்ளை போர்வைக்குள்ள போயிடும், வெளிய வராது, அதுக்கு நீங்கதான் பொறுப்பு. பேட்டரி கூட வருதான்னு மட்டும் அட்டையில பார்த்துடுங்க, கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில பேட்டரி தேடி அலையுற மாதிரி கொடுமை வேற இல்ல.

பேட்டரின்னு சொன்னதும் இத சொல்லியே ஆகணும். மின்னுற மோதிரம், பாட்டுப் பாடுற அட்டை, லைட் எரியுற பம்பரம் மாதிரி மலிவு சாமான்கள்ல இருக்கிறது பட்டன் பேட்டரி, பிள்ளை அத முழுங்கிட்டா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் மோசமா வெந்துபோக வாய்ப்பிருக்கு. மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தாத்தான் வாங்கணும், விரலால நெம்பினாலே திறக்குதுன்னா கடையிலயே வச்சிட்டு வந்துடுங்க. தண்ணியில ஊறிப் பெருசாகுற மணி, சக்தி அதிகமான குட்டிக் காந்த உருண்டை ரெண்டும் எந்த விலைக்கும் வேண்டாம், வயித்துக்குள்ள போனா ஆபரேஷன் வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். 3 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா, டாய்லெட் பேப்பர் தீர்ந்த பிறகு மிஞ்சுற அட்டைக் குழல் வழியா சாமானப் போட்டுப் பாருங்க, உள்ள போகுதுன்னா அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஊதாத பலூன் 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க கையில கொடுக்கக்கூடாது, முந்திரி, பாதாம் மாதிரி முழுப் பருப்பு, கொட்டை எல்லாம் 5 வயசு வரைக்கும் தொண்டையில அடைக்கலாம். அண்ணன் ஸ்டாக்கிங்ல போட்டது தம்பி வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும், அதனால வீட்டுலயே சின்ன பிள்ளை யாரோ அந்த வயச வச்சுத்தான் எல்லார் ஸ்டாக்கிங்கையும் பார்க்கணும்.

சிலர் இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போயிடுவாங்க, எப்படியும் வாங்க வேண்டியதுதானேன்னு டூத் பிரஷ், சாக்ஸ், ஜட்டி, பென்சில்னு மொத்தத்தையும் ஸ்டாக்கிங்லயே போட்டுடுவாங்க. ஐடியா நல்லதுதான், ஆனா அளவு இருக்கு. அப்படி ரெண்டு சாமான் போதும், மூணாவதா ஒரு சாக்ஸ் வந்துச்சுன்னா பிள்ளை முகம் போற போக்க நீங்களே பார்ப்பீங்க. கார்ட்டூன் படம் போட்ட டூத் பிரஷுக்கு அந்தப் படத்துக்காகவே கூடுதல் விலை இருக்கும், சாதா பிரஷும் ஒரு ஸ்டிக்கர் ஷீட்டும் வாங்கினா வேலை முடிஞ்சுது.

காசில்லாம கையால எழுதிப் போடுற கூப்பன் அருமையான விஷயம், ஆனா கொடுக்க முடியாதத எழுதிடுறாங்க. தீம் பார்க் கூட்டிட்டுப் போறேன்னு எழுதினா அது இலவசம் இல்ல, ஜனவரிக்குத் தள்ளி வச்ச செலவு. ராத்திரி அரை மணி நேரம் லேட்டா தூங்கலாம், ஒரு நாள் பாத்திரம் கழுவ வேண்டாம், இன்னைக்கு என்ன படம் பார்க்கலாம்னு நீதான் சொல்லணும், இப்படி எழுதுங்க, கேட்ட அன்னைக்கே கொடுத்துடுங்க. 5 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு இது புரியாது, அதுக்குக் கையில பிடிக்க ஏதாவது வேணும்.

ரெண்டு மூணு பிள்ளைங்க இருக்கிற வீட்டுல விலைய சமமாக்கப் பார்த்து மாட்டிக்காதீங்க. சின்னதுங்க விலையப் பார்க்காது, எண்ணித்தான் பார்க்கும், அவனுக்கு 8 எனக்கு 7னு சண்டை வரும், அதனால அவங்களுக்கு எண்ணிக்கை சரியா இருக்கணும். டீன் ஏஜ் பிள்ளைகிட்ட இது செல்லாது, அங்க நாலு சாமான் போதும், அதுல ஒண்ணு அவங்க உண்மையிலயே கேட்டதா இருக்கணும். விலை ஜாஸ்தியான சாமான கிறிஸ்துமஸ் தாத்தா பேருல போடாதீங்க, அம்மா அப்பா பேருல கொடுங்க. ஸ்கூல் திறந்ததும் தாத்தா உனக்கு என்ன கொடுத்தாருன்னுதான் பேச்சே இருக்கும், கையில காசில்லாத வீட்டுப் பிள்ளை நான் நல்ல பிள்ளையா இல்லையோன்னு யோசிக்கும்.

எல்லாத்தையும் தனித்தனியா பேக் பண்றதுக்குக் கலர் பேப்பர், ரிப்பன், டேப்னு வேற ஒரு பில் வேண்டாம், அந்த சாக்ஸே கவர்தான். பிரிக்கிற ஆசைக்கு ரெண்டு மூணு சாமான மட்டும் பழைய பேப்பர்ல சுத்திடுங்க. சாக்லேட் இருந்தா ஹீட்டர் பக்கத்துல மாட்டாதீங்க.

அப்புறம், கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள்ல இருந்து இந்தச் சாமானெல்லாம் தள்ளுபடிக்கு வரும், அடுத்த வருஷத்துக்குக் கெட்டுப்போகாததா பார்த்து வாங்கி வைக்கலாம். பிள்ளைக்கு ஒரு வயசு கூடியிருக்கும்ங்கிறத மட்டும் மனசுல வச்சு வாங்குங்க, வாங்கினத அப்பவே அந்தப் போன் நோட்ல ஏத்திடுங்க.