டேலிலிக்கு வந்த துருநோய்: என் அனுபவம்

அட்லாண்டாவில் கோடை மழை ஓய்ந்ததும் எங்கள் டேலிலி பூச்செடிகளின் இலைகளில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. வெள்ளை டிஷ்யூவால் இலையின் அடிப்புறத்தைத் துடைத்தேன். மஞ்சள்தூள் போல ஆரஞ்சுப் பொடி ஒட்டியது. துருநோயேதான். இலையில் கோடு கோடாகக் காயும் வெறும் இலைக்கீற்று நோயென்றால் இப்படிப் பொடி ஒட்டாது.

இது பூஞ்சை. அமெரிக்காவில் 2000-இல்தான் முதலில் தென்பட்டது. அந்தப் பொடிதான் பூஞ்சையின் வித்து; காற்றில் பறக்கும், கையிலும் கத்தரியிலும் ஒட்டிப் போகும். இலை சில மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், முளைத்துவிடும். அதனால் மருந்தைவிட ஈரத்தைக் குறைப்பதுதான் முக்கியம் என்பேன்.

காற்றில்லாத காலையில் இலைகளைத் தரையை ஒட்டி வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். உரக்குழிக்குப் போகவே கூடாது. கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். நெருக்கமான புதர்களைப் பிரித்து நட்டு, வேரில் மட்டும் தண்ணீர் விட்டேன்.

புதுத்துளிர் வந்ததும் நான்கு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா, சில சொட்டு மென்மையான சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தேன். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பாருங்கள்; சோடா கூடினால் இலை கருகும். ஏற்கெனவே நோய் பிடித்த இலையை இது குணமாக்காது, புதிதாகப் பரவுவதைத்தான் குறைக்கும்.

துளிர்கள் சுத்தமாக வந்தன. 'பார்டன் மீ' ரகத்தில் மட்டும் மறுபடி பொடி தெரிந்தது. அது இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம். அப்புறம் அதைத் தோண்டி எடுத்துவிட்டேன்.