வாரம் ஒரு தோராப் பகுதி: கைப்பிடிச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

மோசேயின் ஐந்து நூல்களான தோராவை யூதர்கள் 54 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். அந்தந்த வாரத்துப் பராஷா சனிக்கிழமை காலை ஜெபாலயத்தில் வாசிக்கப்படும். ஆண்டுச் சுற்று முடியும் திருநாளில் உபாகமத்தின் கடைசி வரிகளை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரிகளைத் தொடங்கிவிடுவார்கள்.

வடக்கு லண்டனில் மருந்துக்கடை நடத்துகிறேன். பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் யூதர். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். வியாழக்கிழமை கடை அடைத்த பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த வாரத்துப் பகுதியைப் படிக்கிறோம். கல்லாவுக்குப் பின்னால் நாள்முழுதும் நிற்பவனுக்கு எழும் கேள்விகளை இவ்வளவு பொறுமையாக எடுத்து வைத்துப் பேசும் படிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. யாரும் இதைச் செய்யலாம் என்பதால்தான் முறையை எழுதுகிறேன்.

முதல் வேலை, பகுதியைக் கண்டுபிடிப்பது. யூத நாட்காட்டி எதிலும் அந்த வாரத்துப் பராஷாவின் பெயர் இருக்கும். செஃபாரியா என்ற இலவச இணைய நூலகத்தில் எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உரைகளும் கிடைக்கின்றன. தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பகுதி முழுவதையும் ஒருமுறை நிறுத்தாமல் வாசித்துவிடுங்கள். பழங்கால யூத அறிஞர்களின் வாதங்களைத் தொகுத்த தால்முத் சொல்லும் பழைய ஒழுங்கு இதைவிடக் கடினமானது: மூலத்தை இருமுறையும் அரமேய மொழிபெயர்ப்பை ஒருமுறையும் வாசிக்க வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுங்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சிறிய சட்டத்தை எடுங்கள். “உன்னைப்போல் பிறனை நேசி” என்ற வசனத்தை எடுத்தால் ஒரு மணி நேரம் நல்ல வார்த்தைகளாகவே பேசிவிட்டு எழுந்துபோவோம். கூரை, கழுதை, அடகு வைத்த போர்வை, நாள்கூலி, எடைக்கல் ஆகியவற்றைப் பற்றிய வசனங்கள் நம்மை அப்படி விட்டுவிடுவதில்லை. இந்த வகையில் மிக வளமானது கி தேட்ஸே என்ற பராஷா. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டளைகள் அதில் இருக்கின்றன.

அதிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. உபாகமம் 22:8: புதிதாக வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, ஒருவன் விழுந்தால் அந்தப் பழி உன் வீட்டின்மேல் வரும். இதைப் படித்தவுடன் உரையாசிரியர் ராஷியின் உரைக்குப் போங்கள். பிரான்ஸின் துருவா நகரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர் அவர். எந்தப் பராஷாவுக்கும் முதலில் திறக்க வேண்டியது அவருடைய உரையே. அவர் இங்கே எழுதுவது துணுக்குறச் செய்யும். விழுந்தவன் விழ வேண்டியவனாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அவன் சாவு உன் கையால் நேர வேண்டாம் என்கிறார். அப்படியானால் விதி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. விழுந்தவன் கவனமில்லாதவன் என்றும் சொல்ல முடியாது. அவன் கதை எதுவானாலும் சுவர் என் பொறுப்பு.

பிறகு தால்முத். அதில் ரபி (யூத மத அறிஞர்) நாத்தான் இதே வசனத்திலிருந்து, வீட்டில் கடிநாய் வளர்க்கக் கூடாது, ஆட்டங்காணும் ஏணியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று விரித்தெடுக்கிறார். கூரையைப் பற்றிய சட்டம் ஏணிக்கும் நாய்க்கும் நகர்ந்துவிட்டது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, உங்கள் வீட்டில், உங்கள் தொழிலில் சுவரில்லாத மாடி எது என்று கேளுங்கள். என் கடையில் அது ஒரு தட்டு. பெயரும் பெட்டியும் ஒத்திருக்கும் இரண்டு மாத்திரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மறுநாளே ஒன்றை வேறு தட்டுக்கு மாற்றினேன். படிப்பு இப்படி ஒரு வேலையில் போய் முடிந்தால் அந்த வாரம் நல்ல வாரம்.

தனியாகப் படிக்காதீர்கள். இருவராக அமர்ந்து வாய்விட்டு வாசித்து வாதிடும் முறைக்கு ஹவ்ருதா என்று பெயர். துணை, உங்களோடு ஒத்துப்போகிறவராக இருக்கத் தேவையில்லை. தால்முதில் ஒரு கதை: ரபி யோகனானின் படிப்புத் துணையான ரேஷ் லகிஷ் இறந்த பிறகு, அந்த இடத்துக்கு வேறொரு அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் அவர் ஆதரவான சான்று காட்டினார். யோகனான் நொந்துபோனார்: நான் ஒன்று சொன்னால் ரேஷ் லகிஷ் 24 மறுப்புகள் வைப்பான், நான் 24 விடைகள் சொல்வேன், அதில் பொருள் விரியும், நான் சொல்வது சரி என்பது எனக்கே தெரியாதா என்று கேட்டார்.

எங்களுக்குள் நடந்த கடுமையான வாதம் பெஹார் பராஷாவில். லேவியராகமம் 25:17 ஒருவரையொருவர் வருத்தக் கூடாது என்கிறது. தால்முதுக்கு அடித்தளமான சட்டத் தொகுப்பு மிஷ்னா, இதை வாய்ச்சொல்லுக்கும் நீட்டுகிறது: வாங்கும் எண்ணம் இல்லாமல் ஒரு பொருளின் விலையைக் கேட்காதே. கடைக்காரனான எனக்கு இது தேனாக இனித்தது. என்னிடம் கால்மணி நேரம் விவரம் கேட்டுவிட்டு இணையத்தில் வாங்குகிறவர்கள் பலர். ஆசிரியை விடவில்லை. “ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒருவர் நான்கு கடைகளில் விலை கேட்காமல் எப்படி வாங்குவார்? அவரை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?” என்று கேட்டார். மறுபடி மிஷ்னாவைப் பார்த்தோம். அது தடுப்பது விலை ஒப்பிடுவதை அல்ல. வாங்க மனமே இல்லாமல் கேட்பதைத்தான். மனதுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? அதனால்தான் அந்த வசனம் “உன் தேவனுக்குப் பயப்படு” என்றும் சொல்கிறது என்கிறது தால்முத். ஆகவே வாடிக்கையாளரைத் தீர்ப்பிட இந்தச் சட்டம் எனக்கு உதவாது. நான் வாங்கப் போகும்போதுதான் உதவும்.

இரண்டு வசனங்கள் மோதினால் அவசரப்பட்டுச் சமாதானம் செய்துவைக்காதீர்கள். யாத்திராகமம் 23:7 பொய்யைவிட்டுத் தூரப்போ என்கிறது. ஆதியாகமம் 18-இலோ, தன் கணவர் கிழவர் என்று சாராள் சொன்னதை ஆபிரகாமிடம் தெரிவிக்கும்போது, தான் கிழவி என்று அவள் சொன்னதாகக் கடவுளே மாற்றிச் சொல்கிறார். குடும்பத்தில் அமைதிக்காக என்கிறார்கள் ரபிகள். நோயாளியின் மகள் வந்து, “அம்மாவிடம் இது வெறும் சத்து மாத்திரை என்று சொல்லிவிடுங்களேன்” என்று கேட்கும்போது எந்த வசனம் என் வசனம்? ஒருவர் ஒரு வசனத்துக்காகவும் மற்றவர் மற்றதற்காகவும் முழு மனதோடு வாதிடுங்கள். பிறகு பக்கம் மாறுங்கள்.

எழுதியும் வையுங்கள். நெகாமா லெய்போவிட்ஸ் என்ற ஆசிரியை 1942-இல் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பராஷாக் கேள்வித்தாள்களை வாரந்தோறும் அனுப்பினார். தபாலில் வந்த விடைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். அவர் கொடுத்தவை பெரும்பாலும் கேள்விகள். நீங்களும் வாரம் ஒரு கேள்வியை, உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்து, வசன எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பராஷா வரும்போது அது காத்திருக்கும்.

வறண்ட வாரங்களும் உண்டு. வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், தோல் நோயின் நிறங்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். அங்கேயும் ரபிகள் சென்ற வழியைத் தேடுங்கள். எண்ணாகமம் 12-இல் தம்பி மோசேயைப் பற்றிப் பேசிய மிரியாமுக்குத் தோல் நோய் வந்ததால், தோல் நோய்ப் பகுதியைப் புறங்கூறுதலோடு சேர்த்துப் படித்தார்கள். புறங்கூறுதல் சொல்பவனையும் கேட்பவனையும் பேசப்பட்டவனையும் கொல்லும் என்கிறது தால்முத். இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் இன்னும் ஒரு படி போய், சொன்னவனைவிடக் கேட்டு ஏற்றவனுக்கே கேடு அதிகம் என்கிறார். யார் எந்த மருந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த நான் வாய் திறக்காமல் இருப்பது சட்டப்படியே கடமை. ஆனால் வரிசையில் நிற்கும் ஒருவர் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றித் தானாகவே சொல்லத் தொடங்கினால் என் காதை என்ன செய்வது? பெரும்பாலும் ஏப்ரலில் வரும், தோல் நோயைப் பேசும் தஸ்ரியா பராஷாவின்போது இந்தக் கேள்வியோடு தொடங்கிப் பாருங்கள். தோல் நிறங்களைப் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு மாலை போதாது.