மறுமலர்ச்சிக் கால மனிதநேயவாதம்: எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதும்போது நம்மில் பலர் ஒரே கதையைத்தான் சொல்கிறோம். முதலில் இருண்ட காலம். 1453இல் கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியரிடம் வீழ்ந்தது. கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடிவந்தார்கள். மக்கள் கடவுளை விட்டுவிட்டு மனிதனைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்புறம் அறிவியல் பிறந்தது. தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு வரியிலும் கோளாறு இருக்கிறது. வகுப்பெடுப்பவர்கள், கட்டுரை எழுதுபவர்கள், காணொளி போடுபவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

முதலில், மறுமலர்ச்சியின் மையத்தில் இருந்த மனிதநேயவாதிகள் (humanists) யார் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் ஒரு கொள்கைக்காகத் திரண்ட கூட்டம் அல்ல. பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், நகர ஆட்சியின் செயலர்கள், போப்பின் அலுவலகத்தில் கடிதம் வரைந்தவர்கள். இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, ஒழுக்கவியல் ஆகிய ஐந்தையும் பழைய லத்தீன், கிரேக்க நூல்கள் வழியாகக் கற்பதும் கற்பிப்பதும்தான் அவர்கள் வேலை. இரக்கம், கருணை என்ற பொருளில் இன்று நாம் பேசும் மனிதநேயத்தை அவர்கள் தலையில் ஏற்றினால் ஆரம்பமே கோணலாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மனிதநேயவாதத்தை மதத்துக்கு எதிரான கலகமாக எழுதுவது. இந்த மரபின் தந்தை என்று சொல்லப்படும் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் (1304–1374) திருச்சபைப் பதவிகளின் வருமானத்தில் வாழ்ந்தவர். 1345இல் வெரோனாவில் பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களைக் கண்டெடுத்தவரும் அவரே, புனித அகஸ்டினின் நூலைக் கையோடு கொண்டுதிரிந்தவரும் அவரே. 1416இல் செயின்ட் கால் மடத்தில் பழைய ரோம ஆசிரியர் குயின்டிலியனின் பேச்சுக்கலை நூலை முழுமையாகக் கண்டுபிடித்த போஜ்ஜோ பிராச்சொலினி, சுமார் 50 ஆண்டு போப்புகளிடம் வேலை பார்த்தவர். வத்திக்கான் நூலகத்துக்கு அடித்தளம் போட்ட ஐந்தாம் நிக்கோலஸ் போப்பும் இதே படிப்பில் ஊறியவர்தான்.

"சரி, இத்தாலிய மனிதநேயவாதி லொரென்சோ வல்லா போப்பின் ஆவணத்தைப் பொய்யென்று நிரூபித்தாரே, அது கலகம் இல்லையா?" என்று கேட்கலாம். அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் மேற்குப் பகுதிகளின் ஆட்சியைப் போப்புக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார் என்று ஓர் ஆவணம் சொல்லிவந்தது. 1440இல் வல்லா அதை எடுத்து வரி வரியாகப் படித்தார். ரோம அதிகாரிகளின் வரிசையில் 'சத்ரப்' என்ற பாரசீகப் பதவிப்பெயர் வருகிறது. எந்த ரோமன் அப்படி எழுதியிருப்பான்? கான்ஸ்டாண்டிநோபிள் என்ற நகரம் இன்னும் கட்டப்படாத நேரத்தில் அதன் பெயர் எப்படி வந்தது? லத்தீன் நடையும் அந்தக் காலத்து நடை இல்லை. ஆக, ஆவணம் பிற்காலத்துப் போலி. இன்று அது எட்டாம் நூற்றாண்டு வாக்கில் உருவானது என்று கருதுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. வல்லா அப்போது நேப்பிள்ஸ் அரசர் அல்ஃபோன்சோவிடம் வேலையில் இருந்தார். அந்த அரசருக்கும் அன்றைய போப்புக்கும் பகை. அரசியல் தேவை அங்கே இருந்தது. வல்லாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த ஆவணத்தைச் சந்தேகித்த கூசா நிக்கோலஸ் திருச்சபைக்காரர், பின்னால் கர்தினால் ஆனவர். எட்டு ஆண்டு கழித்து, 1448இல், வல்லாவையே போப்பின் அலுவலகம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவருடைய கல்லறையும் ரோமின் லாத்தரன் பேராலயத்தில்தான் இருக்கிறது. கடவுள் மறுப்பு இதில் எங்கே இருக்கிறது? சொற்களுக்கும் வயது உண்டு, அதை வைத்து ஒரு பத்திரத்தின் காலத்தைக் கணிக்கலாம் என்ற அறிவுதான் அங்கே வேலை செய்தது. எனக்கு மறுமலர்ச்சியின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்று தோன்றுகிறது. ஓவியங்களையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வைப்பேன். வல்லா விவிலியத்தின் புதிய ஏற்பாட்டுக்கும் இதே முறையில் குறிப்புகள் எழுதினார். நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் அவற்றைக் கண்டெடுத்து 1505இல் அச்சிட்டார். 1516இல் பாசெலில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டையே பதிப்பித்தார். நல்ல கிறிஸ்தவனாக இருக்க மூலநூலைச் சரியாகப் படிக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை.

இந்தப் பாடத்திட்டத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரிய பங்கு இயேசு சபைக்கு உண்டு. 1548இல் சிசிலியின் மெசினாவில் தொடங்கி அவர்கள் நடத்திய கல்லூரிகள் இதே இலக்கணம், இதே பேச்சுக்கலை என்றுதான் போயின. முத்துக்குளித்துறையில் பணிசெய்த இயேசு சபையின் அண்டிறீக்கே அடிகளார் லத்தீன் இலக்கண முறையை வைத்துத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ மறைக்கல்வி நூல் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது.

அடுத்தது 1453. இந்த ஆண்டை ஆரம்பம் என்று எழுதவே கூடாது. கிரேக்க மொழியை முறையாகக் கற்பிக்கக் கிரேக்க அறிஞர் மானுவேல் கிரிசொலோரஸை ஃபுளோரன்ஸுக்கு அழைத்துவந்தது 1397இல். அழைத்தவர் நகரின் செயலர் கொலூச்சியோ சலுத்தாத்தி. கிரிசொலோரஸிடம் படித்த லியொனார்தோ புரூனி அரிஸ்டாட்டிலையும் பிளேட்டோவின் சில உரையாடல்களையும் லத்தீனில் பெயர்த்து, 1444இல் இறந்தும் போய்விட்டார். கான்ஸ்டாண்டிநோபிள் விழ இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. அகதிகளாக வந்த அறிஞர்கள் இந்த வேலைக்கு வேகம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1453க்கு முன்பே இத்தாலிக்கு வந்துவிட்ட கிரேக்கரான கர்தினால் பெசாரியன் 1468இல் தன் கிரேக்க நூல்களை வெனிஸுக்குக் கொடுத்ததும் பெரிய காரியம்.

அப்படியானால் தூண்டியது எது? இத்தாலிய நகரங்களின் அன்றாடத் தேவை. நகரங்கள் தமக்குள் சண்டை போட்டன, தூது அனுப்பின, ஒப்பந்தம் எழுதின. நல்ல லத்தீனில் எழுதிய கடிதத்துக்கு அரசியல் பலம் இருந்தது. சலுத்தாத்தியின் கடிதம் ஆயிரம் குதிரைவீரர்களைவிட அதிகச் சேதம் செய்தது என்று எதிரியான மிலான் ஆட்சியாளரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு பரவியதே அன்றைய மதிப்பைக் காட்டுகிறது.

இடைக்காலத்தை 'இருண்ட காலம்' என்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. மனிதநேயவாதிகள் கண்டுபிடித்த நூல்கள் எங்கே கிடந்தன? மடங்களில். அவற்றில் பலவற்றை ஒன்பதாம் நூற்றாண்டுத் துறவிகள் படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்தச் சுவடிகளின் தெளிவான எழுத்தைப் பார்த்து அதுவே பழைய ரோமரின் கை என்று நம்பி இவர்கள் பின்பற்றினார்கள். பிறகு அதுவே அச்செழுத்தானது; இன்று நாம் படிக்கும் ஆங்கிலப் புத்தகத்தின் சிறிய எழுத்துகள் வரை அந்த வழியில் வந்தவைதான். அதோடு, 12ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் டொலீடோவில் கிரெமோனா ஜெரார்டு பழைய கிரேக்க வானியலாளர் தாலமியின் நூலை அரபியிலிருந்து பெயர்த்திருந்தார். அரபியில் எழுதிய பாரசீக மருத்துவர் இப்ன் சீனாவின் மருத்துவ நூல் மறுமலர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதும் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. அரபு மொழியின் பங்கை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

இத்தாலியச் சிந்தனையாளர் பீக்கோ டெல்லா மிராண்டொலா மனிதனின் மாண்பைப் பற்றி எழுதிய உரையை மறுமலர்ச்சியின் கொள்கை அறிக்கை போல மேற்கோள் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 1486இல், 23 வயதில், ரோமில் 900 கருத்துகளை வைத்து விவாதம் நடத்தத் திட்டமிட்டு அதற்கான முன்னுரையாக எழுதியது அது. போப் விவாதத்தை நிறுத்திவிட்டதால் உரை பேசப்படவே இல்லை. அவர் இறந்த பிறகு 1496இல்தான் அச்சானது. அதில் மனிதனின் உயர்வைச் சொல்கிற இடத்தில் ஆதாமிடம் பேசுவதும் கடவுள்தான். அழகான உரை, தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அந்தக் காலத்து எல்லோருடைய குரலாகவும் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அறிவியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மனிதநேயவாதிகள் பெரும்பாலும் அறிவியலாளர்கள் அல்லர்; பெட்ரார்க் மருத்துவர்களைத் திட்டி நூலே எழுதியவர். ஆனால் பழைய நூல்களின் சரியான பாடத்தை அவர்கள் கொடுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டு உடற்கூறு அறிஞர் வெசாலியஸ், பழைய கிரேக்க மருத்துவர் காலெனின் மருத்துவ நூல்களைப் பதிப்பிக்கும் வேலையில் கைகொடுத்தவர். அதனால்தான் காலென் விலங்குகளை அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று அவரால் பிடிக்க முடிந்தது.

கடைசியாக ஒன்று. இந்தப் படிப்பு எல்லோருக்கும் கதவைத் திறந்தது என்று எழுதாதீர்கள். ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட இத்தாலியின் மாந்துவா நகரில் விட்டோரினோ நடத்திய பள்ளி போன்றவை விதிவிலக்கு. பெண்கள் நிலை இன்னும் மோசம். ஒரு பிரபுகுலப் பெண்ணுக்குப் பாடத்திட்டம் வகுத்துக்கொடுத்த புரூனி, பேச்சுக்கலை மட்டும் உனக்கு வேண்டாம் என்றார். ஆனால் சபையில் மதிப்பைத் தந்தது அந்தக் கலைதான். வெரோனாவின் இசொட்டா நொகரோலா (1418–1466) லத்தீனில் தேர்ந்து, அன்றைய பெரிய ஆசிரியர் குவாரினோவுக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். அவர் மனம் நொந்து மறுபடி எழுதிய பிறகுதான் குவாரினோ பதில் போட்டார். கொஞ்ச நாளில் பெயரில்லாத ஒரு கடிதம் இசொட்டாவின் ஒழுக்கத்தைப் பழித்தது. 1451இல் ஆதாம், ஏவாள் இருவரில் யார் குற்றம் பெரிது என்று வெரோனாவின் ஆளுநர் ஃபொஸ்காரினியோடு அவர் வாதாடியது இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஏவாளுக்காக வாதாடியவர் இசொட்டா. ஏவாளுக்கு உறுதி குறைவு, அதனால் குற்றமும் குறைவு என்றுதான் அவரால் தொடங்க முடிந்தது. பெண் பலவீனமானவள் என்ற அந்தக் காலத்து எண்ணத்தை ஏற்றுக்கொண்டு, அதையே ஆயுதமாகத் திருப்பினார். மறுமலர்ச்சியில் பெண்கள் என்று ஒரு பத்தி எழுதப்போகிறவர்கள் ராணிகளின் பட்டியலுக்குப் பதிலாக அந்த வாதத்திலிருந்து தொடங்கலாம்.