கப்பல் ஏறும் வேலூர்க்காரர்களுக்கு: முதல் 2 நாள்

பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த நமக்கு, காலடியில் தரை ஆடுவது புதிது. காட்பாடியில் ரயில் ஏறும்போதே மருந்து, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். வியர்வைச் சட்டையோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போனவன் நான்.

குமட்டல்தான் பெரிய தொல்லை. கண் அறையின் அசையாத சுவரைப் பார்க்கிறது, உட்செவியோ ஆட்டத்தை உணர்கிறது. இந்த முரண்பாட்டால்தான் தலை சுற்றுகிறது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, பஃபேயில் மூச்சுமுட்டச் சாப்பிடுவதும் ஆகாது. இஞ்சி மரப்பா நல்ல துணை. மெக்லிசின் போன்ற மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்கி, குமட்டல் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் வரும், பரவாயில்லை. அறை பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

பாதுகாப்பு ஒத்திகை கட்டாயம், போய் வந்துவிடுங்கள். கரை மறையும் முன்பே செல்போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நடுக்கடல் ரோமிங் கட்டணம் உங்கள் பெட்டியைவிடக் கனக்கும்.