முன்கதைப் படத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் முன்

ஏற்கனவே வந்த படத்தின் கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல, பிறகு எடுக்கும் முன்கதைப் படத்தைப் பார்க்க உட்காரும் முன் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் நான், அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களையே இதற்கு எடுத்துக்கொண்டேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகனுக்கு ஸ்டார் வார்ஸ் படங்களைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. 1977, 1980, 1983இல் வந்த மூன்றையும் முதலில் பார்த்தோம். 1999, 2002, 2005இல் வந்த முன்கதைகள் மூன்றும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வில்லன் டார்த் வேடர் யாருடைய அப்பா என்பது 1980 படத்தில் தலையில் இடி விழுந்ததுபோல் வந்து சேர வேண்டிய சேதி. முன்கதையை முதலில் பார்த்த பிள்ளைக்கு அந்த இடி விழவே விழாது.

நோட்டில் கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். பழைய படங்கள் சொல்லாமல் விட்ட இடங்களை நீங்கள் எதைக்கொண்டு நிரப்பி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். "ஓபி-வானும் லூக்கின் அப்பாவும் ஒரே வயதுக்காரர்கள், போரில் ஒன்றாக நின்றவர்கள்" என்று நான் எழுதினேன். லூக் பழைய படங்களின் நாயகன், ஓபி-வான் அவனுக்கு வழிகாட்டும் கிழவர். அவன், "வேடர் தீயில் விழுந்திருப்பார், அதனால்தான் அந்த மூச்சு" என்று எழுதினான். இதை முன்கூட்டியே எழுதி வைத்தால்தான், பிறகு வருகிற கோபம் படத்தின் குறையால் வந்ததா, நாம் கட்டிய கோட்டை இடிந்ததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும். 1999 படத்தில், பின்னாளில் வேடராகும் லூக்கின் அப்பா அனகின் ஒன்பது வயதுச் சிறுவனாக வந்து நின்றபோது எனக்கு வந்த கோபம் இரண்டாவது வகை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

"முடிவுதான் தெரியுமே, அப்புறம் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களை மேலூர்ப் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். முருகன் வள்ளியை மணப்பார் என்பது தெரியாதவர் அந்தப் பந்தலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் நள்ளிரவுக்கு மேல் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது ஒரு பாய்கூடச் சுருட்டப்படுவதில்லை. 2016இல் வந்த ரோக் ஒன் இதே பலத்தில் நிற்கும் படம். 1977 படத்தில் இரண்டு மீட்டர் அகலமே உள்ள ஒரு துளையைக் குறிவைத்து எதிரிகளின் பெரிய விண்வெளிக் கோட்டையைத் தகர்ப்பார்கள். அந்தப் பலவீனம் அங்கே எப்படி வந்தது, வரைபடத்தை யார் உயிரைக் கொடுத்து எடுத்தார்கள் என்பதுதான் 2016 படம். அந்தக் கூட்டத்தில் யாரும் பிழைக்கப் போவதில்லை என்று பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் எழுந்து போக மனம் வராது.

அடுத்து ஒட்டுப்போட்ட இடங்களைப் பாருங்கள். வளர்ந்துவிட்ட பெண்பிள்ளையின் பாவாடையை நீளமாக்கித் தரச் சொல்லி வாரம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். அடிமடிப்பைப் பிரித்தால் உள்ளே வெயில் படாத துணி புது நிறத்தில் இருக்கும், பழைய மடிப்பின் கோடு நன்றாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் ஒரு பட்டி வைத்துத் தைத்துவிட்டால் அது அழகாகிவிடும். துணியே கிழிந்திருந்தால் பட்டியால் பயனில்லை. 1980 படத்தில் யோடாதான் தனக்குப் பயிற்சி கொடுத்த குரு என்பார் ஓபி-வான். 1999இல் அவருக்கு குவை-கான் என்ற வேறொரு குரு வந்துவிடுகிறார். 2002 படத்தில் யோடா சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதைக் காட்டியதும், எல்லோருக்கும் ஆரம்பப் பாடம் அவரிடம்தான் என்று சமாதானம் ஆகிவிடலாம். இது மடிப்புக்கோடு. லூக்கின் இரட்டைச் சகோதரி லேயாவின் விஷயம் அப்படி இல்லை. 1983 படத்தில் தன் சொந்தத் தாயைப் பற்றி லூக் கேட்கும்போது, அவர் அழகானவர், அன்பானவர், ஆனால் சோகமாக இருப்பார் என்று லேயா நினைவுகூர்வாள். 2005 படத்திலோ இரட்டைக் குழந்தைகளைப் பெற்றதும் அவர்களின் தாய் பத்மே இறந்துவிடுகிறாள். "சித்தி, அப்படியென்றால் லேயாவுக்கு எப்படி நினைவிருக்கும்?" என்று பையன் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இது கிழிசல். எத்தனை பட்டி வைத்தாலும் கிழிசல் கிழிசல்தான் என்று நோட்டில் எழுதிவிட்டு மேலே போனோம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன்கதை தருகிற விளக்கம் பழைய கதையைப் பெரிதாக்குகிறதா, சுருக்குகிறதா என்பது. மதுரைக்காரர்களுக்கு இதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், ஊரை எரித்துவிட்டு நிற்கும் கண்ணகியின் எதிரே வர அஞ்சிப் பின்னால் தோன்றுகிறாள் மதுராபதித் தெய்வம். அவள் சொல்வது அசல் முன்கதை. முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் இருந்தான். அங்கே நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சாபமிட்டு உயிரை விட்டாள். இதைக் கேட்ட பிறகு சிலம்பு விற்கப் போகும் கோவலனைப் பாருங்கள். அன்று அவன் கொல்ல வைத்தவனின் இடத்தில் இன்று அவனே நிற்கிறான். பாண்டியனின் தவறு ஒரு துளியும் குறையவில்லை, கண்ணகியின் பக்கத்தில் நீலியும் வந்து நின்றுகொள்கிறாள். ஒரு விளக்கம் செய்ய வேண்டிய வேலை இது.

இதோடு 1999 படத்தின் மிடி-குளோரியன்களை வைத்துப் பாருங்கள். எல்லா உயிர்களும் சேர்ந்து உண்டாக்குகிற, அண்டத்தையே கட்டிப்போடுகிற ஆற்றல் என்று 1977இல் ஒரு கிழவர் சொன்னார். அதைக் கேட்ட எந்தச் சிறுமியும் கண்ணை மூடிக் கையை நீட்டிப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். முன்கதை வந்து, அந்த ஆற்றலோடு தொடர்பு கொள்ள இரத்தத்தில் நுண்ணுயிர்கள் வேண்டும், அனகினுக்கு அவை இருபதாயிரத்துக்கும் மேல் என்று எண்ணிக்கை சொன்னது. கோயிலுக்குப் போனவளுக்குப் பரிசோதனைச் சீட்டு கொடுத்து அனுப்பியதுபோல் இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை போகவில்லை, அதை நியாயமான வருத்தம் என்றே நினைக்கிறேன்.

வருத்தத்தை யார் மேல் காட்டுகிறோம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். சிறுவன் அனகினாக நடித்த ஜேக் லாய்டைப் பள்ளியில் கேலி செய்தே வாட்டினார்கள். அதே படத்தில் ஜார் ஜார் என்ற கோமாளிப் பாத்திரமாக நடித்த அஹ்மத் பெஸ்ட், அன்றைய வசைகளால் உயிரை விடும் எண்ணம்வரை போனதை 2018இல் வெளியில் சொன்னார். எழுதியதும் இயக்கியதும் ஜார்ஜ் லூகாஸ். கதையைக் குறை சொல்லுங்கள், கொடுத்த வசனத்தைப் பேசிய பிள்ளையை விட்டுவிடுங்கள்.

கடைசி வேலையை முன்கதை முடிந்த அன்றே செய்ய வேண்டாம். ஒரு வாரம் போகட்டும், பிறகு 1977 படத்தை மறுபடி போடுங்கள். நாங்கள் ஒரு ஞாயிறு மாலை போட்டோம். ஓபி-வானின் வீட்டுக் காட்சி வந்தது. அப்பாவின் ஒளிவாள் என்று சொல்லி லூக்கிடம் கொடுக்கிறார். "என் அப்பா எப்படி இறந்தார்?" என்று லூக் கேட்கிறான். ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் உடனே பதில் சொல்வதில்லை. பார்வை சற்று விலகுகிறது, பிறகுதான் பேச்சு வருகிறது. அந்தப் படத்தின் கதையில் வேடர் வேறு, லூக்கின் அப்பா வேறு. ஆனால் 2005 படத்தில் எரிமலைக் குழம்பின் கரையில், எரிந்துகொண்டிருக்கும் சீடன் அனகினை விட்டுவிட்டுத் தரையில் கிடந்த இதே வாளை எடுத்துக்கொண்டு ஓபி-வான் நடந்துபோவதை நாங்கள் போன வாரம்தான் பார்த்திருந்தோம்.

பையன் ரிமோட்டை எடுத்து அந்த மௌனத்துக்குத் திரும்பப் போனான். இரண்டு முறை பார்த்தான். பிறகு நோட்டை இழுத்து, 2005 என்று எழுதியிருந்த வரிக்கு நேராக, தையல் சாக்குக்கட்டியாலேயே ஒரு டிக் போட்டான்.